பாட்டு என்னுடையது... முதுகு அவனுடையது!

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். கொலை, கொள்ளை என்று எதிர்பார்த்து நிமிர்ந்து உட்காராதீர்கள். அதற்கெல்லாம் தைரியம் வேண்டும். நான் ஒரு பாட்டு எழுதினேன். நாலே அடி. அவ்வளவுதான்.

2007-ம் வருஷம். நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. ஜாகை, கல்லூரி ஹாஸ்டல். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். டூப்ளிகேட் மார்க் ஷீட் வாங்க நான் இன்னும் ஒரு தடவை அங்கே போக வேண்டியிருக்கிறது.

அந்த மெஸ்ஸில் தினமும் சாம்பார் என்று ஒன்று ஊற்றுவார்கள். மஞ்சளாக இருக்கும். சூடாக இருக்கும். குனிந்து பார்த்தால் நம் முகம் தெரியும், தலைகூட வாரிக்கொள்ளலாம். பருப்பு மட்டும் இருக்காது. ஆனால் மாசா மாசம் மெஸ் பில்லில் பருப்பு கிலோ கிலோவாக இருக்கும்! அதே வருஷம்தான் எங்கள் வார்டன் தன் வீட்டுக்கு மாடி எடுத்தார்.

பற்று, வரவு படிக்கிற பையன் இந்த ரெண்டு எண்ட்ரியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் கை சும்மா இருக்குமா? ஒரு நாள் ராத்திரி எழுதினேன். விடியற்காலை நாலு மணிக்கு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி போய், மெஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். பாட்டு இதுதான்:

பருப்பினைத் தேடித் தேடிப்
பாதியாய் இளைத்த தம்பி!
வருத்தமேன்? இந்தச் சாம்பார்
வாளியில் தேட வேண்டாம்;
தெருப்புறம் வார்டன் வீட்டில்
திடுமென எழுந்த மாடி...
இருப்பது செங்கல் இல்லை,
எல்லாமே பருப்பு தானே!

எட்டு மணி டிபன் முடிவதற்குள் ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு மனப்பாடம். மத்தியானம் பாத்ரூமில் ராகம் போட்டுப் பாடினார்கள். சாயங்காலம் வாட்ச்மேன் தாத்தா என்னைக் கூப்பிட்டு, "கேட்டியா தம்பி, யாரோ புண்ணியவான்..." என்று ஆரம்பித்து முழுசாகச் சொல்லிக் காட்டினார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. ஞானபீட விருது வாங்கினவர்களுக்குக்கூட இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

அப்புறம் வார்டன் பார்த்தார். கிழித்தார். எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யார்றா எழுதினது?"

இந்த இடத்தில் என் வீர சரித்திரம் முடிந்துவிடுகிறது.

என் ரூமில் ஒருத்தன் இருந்தான். பி.ஏ. தமிழ் இலக்கியம். எல்லாரும் அவனைப் 'புலவர்' என்றுதான் கூப்பிடுவோம். "பி.காம். படிக்கிற பயலுகளுக்கு விருத்தம் வருமா? இது தமிழ்க்காரன் வேலைதான்" என்று தீர்மானம் ஆகிவிட்டது. நியாயமான சந்தேகம்தான். எனக்கு அந்த விருத்தம் வந்ததே அவன் புண்ணியத்தில். மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, 'விளம் மா தேமா, விளம் மா தேமா' என்று தொடையில் தாளம் போட்டு அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். பதிலுக்கு நான் அவனுடைய ஸ்காலர்ஷிப் பாரங்களைப் பூர்த்தி செய்து கொடுப்பேன்.

அவனைக் கூப்பிட்டார்கள். "நீதானே?" என்றார்கள். அவன் 'ஆமாம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. சும்மா நின்றான்.

ஒரு மாசம் ஹாஸ்டலை விட்டு நீக்கம். அவன் ஊரிலிருந்து கல்லூரிக்கு வர ரெண்டரை மணி நேரம், ரெண்டு பஸ் மாற வேண்டும். திரும்பிப் போக இன்னொரு ரெண்டரை. வெளியில் ரூம் எடுக்கக் காசு கிடையாது. செமஸ்டர் பரீட்சை அந்த மாசத்தில்தான் வந்தது. ரெண்டு பேப்பர் போயிற்று.

நான் என்ன செய்தேன்? ரூமில் உட்கார்ந்து காஸ்ட் அக்கவுண்டிங் படித்தேன். பாஸ் பண்ணினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டு வேலை செய்தது, சார்! மறுநாளே சாம்பாரில் பருப்பு வந்தது. பத்து நாள், கரண்டி நிற்கிற மாதிரி கெட்டியாக வந்தது. அந்தப் பத்து நாளும் புலவர் மெஸ்ஸில் இல்லை.

அன்றையிலிருந்து எனக்கு ஒரு வியாதி. ஆளுகிறவர்களைக் கேலி செய்கிற பாட்டு எங்கே கண்ணில் பட்டாலும், 'எவ்வளவு ஜோர்!' என்று ரசிப்பதற்கு முன்னால், 'இதற்கு அடி யார் முதுகில் விழுந்தது?' என்று தேட ஆரம்பித்துவிடுவேன். அப்படித் தேடியதில் கிடைத்த சில முதுகுகளைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களுக்குக் காட்டப் போகிறேன்.

* * *

கல்லுக்கு வலிக்காது!

இந்த முதுகுப் பிரச்னைக்கு உலகத்திலேயே சாமர்த்தியமான தீர்வைக் கண்டுபிடித்தவர்கள் ரோம் நகரத்துக்காரர்கள்.

ரோமில் நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஒரு தெருமுனையில், ஒரு பழைய பளிங்குச் சிலை நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். கை கிடையாது. மூக்கு, முழியெல்லாம் தேய்ந்து போயிற்று. ஏதோ கிரேக்கப் புராணத்து வீரனாம். 1501-ல் ஒலிவியரோ கராஃபா என்கிற கார்டினல் அதை அங்கே நிறுத்தி வைத்தார். ஊர் ஜனங்கள் வைத்த பேர் 'பாஸ்குவினோ'. பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு வாயாடித் தையல்காரரின் பேர் அது என்று ஒரு கதை உண்டு.

வருஷா வருஷம் ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாளில் அந்தச் சிலைக்கு வேஷம் கட்டி, மேலே லத்தீன் பாட்டுகளை ஒட்டுவார்கள். ஆரம்பத்தில் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் தமிழய்யாவிடம் காட்டுகிற மாதிரி சமர்த்தான பாட்டுகள். போகப் போக யாரோ ஒரு விஷமக்காரன் ராத்திரியில் வேறு மாதிரி பாட்டு ஒட்டினான். போப்பாண்டவர் மேல், கார்டினல்கள் மேல், வரி மேல், ரொட்டி விலை மேல்! பொழுது விடிந்தால் சிலையைச் சுற்றிக் கூட்டம். காவலன் வந்து கிழிப்பதற்குள் நாலு பேருக்கு மனப்பாடம். அப்புறம் கிழித்து என்ன பிரயோஜனம்?

இதனால்தான் கேலிக்குப் பாட்டு சௌகரியம். வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள மூளை வேண்டும். எதுகை, மோனை போட்ட பாட்டை வாய் தானாகவே ஞாபகம் வைத்துக்கொள்ளும். பேப்பர் வேண்டாம், பிரஸ் வேண்டாம், பார்சல் செலவு இல்லை. சரக்கு தன் காலிலேயே ஊர் ஊராகப் போய்விடும்.

யார் எழுதினார்கள்? பாஸ்குவினோ. பிடியுங்கள் அவனை! பிடித்து? கல்லை என்ன செய்வது? 1522-ல் போப்பாண்டவராக வந்த ஆறாம் ஏட்ரியனுக்குக் கோபம் தாங்கவில்லை. சிலையைத் தூக்கி டைபர் ஆற்றில் போடச் சொன்னார் என்றும், கூட இருந்தவர் ஒருவர், "போட்டால் ஆற்றுக்குள்ளிருந்து தவளை மாதிரிக் கத்துமே, பரவாயில்லையா?" என்று கேட்டுத் தடுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். எப்படியோ, சிலை பிழைத்தது. போதாக்குறைக்கு மார்ஃபோரியோ என்று இன்னொரு சிலையும் சேர்ந்துகொண்டது. இது கேள்வி கேட்கும், அது பதில் சொல்லும். லாவணிக் கச்சேரிதான்!

ஐந்தாம் சிக்ஸ்டஸ் போப்பாக இருந்தபோது (1585 முதல் 1590 வரை) நடந்ததாக ஒரு கதை. ஒரு நாள் பாஸ்குவினோ அழுக்குச் சட்டையோடு நிற்கிறான். ஏனாம்? அவனுக்குத் துணி துவைத்துக் கொடுத்த பெண் இப்போது சீமாட்டி ஆகிவிட்டாளாம்! போப்பாண்டவரின் சகோதரி ஒரு காலத்தில் துணி துவைத்தவர் என்று ஊரில் பேச்சு. அதற்கான குத்தல். போப் கோபத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. "எழுதினவர் தானாக முன்வந்தால் உயிருக்கு உத்தரவாதம், ரொக்கப் பரிசும் உண்டு" என்று அறிவித்தார். ஆசாமி நம்பிப் போய் நின்றான். சொன்னபடியே பணம் கொடுத்தார்கள், உயிரையும் விட்டுவிட்டார்கள். கையை மட்டும் வெட்டிவிட்டார்கள். அதைப் பற்றித்தான் அறிவிப்பில் ஒன்றும் சொல்லவில்லையே!

கதையோ நிஜமோ, அதிலுள்ள பாடம் நிஜம். கல் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வரைக்கும்தான் பத்திரம்.

பாஸ்குவினோ இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். இப்போதும் ஒட்டுகிறார்கள். சிலையைச் சுத்தம் செய்த பிறகு, பக்கத்திலேயே ஒரு பலகை வைத்து அதில் ஒட்டச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பலகையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மெஸ் நோட்டீஸ் போர்டுதான் ஞாபகம் வரும்.

* * *

ஒரே வவுச்சர், ரெண்டு கணக்கு!

நம்மூரில் சிலைகள் பேசுவதில்லை. நம் ஆட்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். நேருக்கு நேர் நின்று, மரியாதையாகச் சிரித்துக்கொண்டே குத்துவது!

புறநானூற்றில் அவ்வையார் தொண்டைமானிடம் தூது போகிறார். அனுப்பியவன் தகடூர் அதியமான். தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து பந்தாவாகக் காட்டுகிறான். அவ்வை, 'அடடா, என்ன பளபளப்பு! பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலோடு வைத்திருக்கிறீர்கள். எங்கள் ராஜாவுடையதெல்லாம் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது' என்கிற கருத்தில் ஒரு பாட்டுப் பாடுகிறார். கேட்க என்னவோ புகழ்ச்சி. யோசித்தால், 'உன் வேல் சண்டையே பார்த்ததில்லையப்பா!' தூதுவரை அடிக்க முடியாது. புகழ்ந்தவரைத் திட்டவும் முடியாது. எவ்வளவு கெட்டியான கவசம் பாருங்கள்.

பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகம் இன்னும் ஒரு படி மேலே. நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் நடத்திய சத்திரம். புலவருக்கு நல்ல பசி. சோறு வர நேரமாகிறது. உடனே ஒரு வெண்பா. அங்கே ராத்திரிச் சாப்பாடு விடிகிற நேரத்தில்தான் இலைக்கு வரும் என்கிற மாதிரி. சத்திரக்காரர் பதறிப்போய் வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்ச, காளமேகம் அதே பாட்டுக்கு, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், பஞ்ச காலத்திலும் ஊர்ப் பசியை அடக்குகிற சத்திரம் என்று புகழ்ச்சியாக அர்த்தம் சொல்லிவிட்டார் என்பது கர்ண பரம்பரைக் கதை. ஒரே வவுச்சரை வைத்துக்கொண்டு நஷ்டக் கணக்கும் காட்டினார், லாபக் கணக்கும் காட்டினார். எந்த ஆடிட்டர் பிடிக்க முடியும்?

(இந்தக் கதையைப் புலவர்தான் எனக்குச் சொன்னான். மெஸ்ஸில். பருப்பில்லாத சாம்பாரைப் பிசைந்துகொண்டே.)

தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவானே, அவனும் இதே ஜாதி. துரியோதன மகாராஜாவையும் வாருவான், முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரிய மனுஷரையும் வாருவான். 'என்னடா பேச்சு இது?' என்றால், வேஷம் சாமி, வேஷம்! அரிதாரம்தான் அவனுக்கு முதுகு.

கல், தூது, சிலேடை, அரிதாரம்... இதெல்லாம் இல்லாமல் வெறும் முதுகோடு நின்றவர்களும் உண்டு. அந்தக் கதையைச் சொல்ல மாஸ்கோவுக்குப் போக வேண்டும். அங்கே சிரிப்பு கொஞ்சம் குறைவு.

* * *

பதினாறு வரி!

1933 நவம்பர். ஓசிப் மண்டல்ஷ்டாம் என்கிற ரஷ்யக் கவிஞர் ஸ்டாலினைப் பற்றிப் பதினாறு வரியில் ஒரு பாட்டுக் கட்டுகிறார். மீசை, விரல், பூட்ஸ், சுற்றி நிற்கிற ஜால்ராக்கள்... ஒன்றையும் விடவில்லை. தாளில் எழுதவில்லை. எழுதினால் ஆபத்து. நெருங்கின சிநேகிதர்கள் சில பேரிடம் வாயால் சொன்னார். போரிஸ் பாஸ்டர்நாக், பின்னால் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டவர், அவரிடமும் சொன்னார். பாஸ்டர்நாக் வெலவெலத்துப் போய், 'நீங்கள் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்' என்கிற மாதிரி கெஞ்சியிருக்கிறார்.

ஆனால் பாட்டாயிற்றே. பாட்டுக்குக் கால் உண்டு என்று முன்பே சொன்னேன். அது எங்கெங்கோ நடந்து, போலீஸ் காதுக்கும் போயிற்று.

1934 மே மாதம் ராத்திரியில் வந்து கைது செய்தார்கள். விசாரணையில் கவிஞர் மறுக்கவில்லை. பாட்டைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை விசாரணை. யார் யாரெல்லாம் கேட்டார்கள்? அதையும் சொல்ல வைத்தார்கள். கேட்டவர்கள் பெயரும் கோப்பில் ஏறியது. பாட்டு எழுதினவன் முதுகு மட்டுமில்லை, காது கொடுத்துக் கேட்டவன் முதுகும் கணக்கில் வந்துவிட்டது!

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த மாதிரி ஒரு கட்டடத்தில், அந்த மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்து அவர் சொன்னார். நான் வெறும் மெஸ் ஹாலில், வரிசையில் நின்றுகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தேன்.

முதலில் மூன்று வருஷம் ஊர்க் கடத்தல்தான் கொடுத்தார்கள். ஸ்டாலினே பாஸ்டர்நாக்குக்குப் போன் போட்டு, மண்டல்ஷ்டாம் எப்படிப்பட்ட கவிஞர் என்று விசாரித்தார். ஒரு பாட்டுக்கு அவ்வளவு பெரிய மனுஷர் அவ்வளவு மெனக்கெட்டார்! 1938-ல் மறுபடியும் கைது. அந்த வருஷம் டிசம்பர் 27-ந் தேதி, விளாடிவாஸ்டாக் பக்கத்தில் கைதிகளைப் பிரித்து அனுப்புகிற ஒரு முகாமில் அவர் செத்துப் போனார். வயசு 47.

அவருடைய மனைவி நதேழ்தா, கணவரின் கவிதைகளை மனப்பாடம் செய்து வருஷக்கணக்காக மனசுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றினார். ஸ்டாலின் பாட்டை மட்டும் இன்னொருத்தரும் காப்பாற்றினார். அது யார் தெரியுமா? போலீஸ்! கவிஞர் கைப்பட எழுதிய அந்தத் தாள், அவர்களுடைய கோப்பிலேயே, கசங்காமல், பத்திரமாக இருந்தது. எதிரியே கணக்குப் புத்தகம் எழுதி வைத்த மாதிரி.

* * *

ஆயிரம் ரூபாய்!

மாஸ்கோ ரொம்ப தூரம், அந்தக் காலம் வேறு என்பீர்கள். சென்னைக்கே வருவோம். இது பாட்டு இல்லை, ஜோக். ஆனாலும் குடும்பம் ஒன்றுதான்.

1987 மார்ச். 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கிறவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருத்தர் கேட்க, ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று இன்னொருத்தர் அடையாளம் சொல்கிறார். யார் பேரும் கிடையாது. எந்தக் கட்சி என்றும் கிடையாது. ஆனாலும் சட்டசபை கொதித்தது. உரிமை மீறல்! மன்னிப்புக் கேள்!

ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்கவில்லை. மூன்று மாதம் கடுங்காவல் என்று சபை தீர்மானித்து, ஏப்ரலில் அவரைச் சிறைக்கு அனுப்பியது. நாடு முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். சில நாளிலேயே விடுதலை. அவர் அத்தோடு விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கைது செல்லாது என்று சொல்லி, நஷ்ட ஈடாக 1000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

தொகையைப் பார்த்தால் சின்ன எண்ட்ரிதான். ஆனால் அது எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று பாருங்கள். நான் பி.காம். படித்த மூன்று வருஷத்தில் இவ்வளவு அழகான வரவை எந்தப் பேரேட்டிலும் பார்த்ததில்லை.

2015 அக்டோபர் கடைசியில் திருச்சியில் கோவன் கைதானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர். டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லி, ஆட்சியில் இருந்தவர்களைக் கேலி செய்து பாடியதற்காக, தேசத்துரோகப் பிரிவில் வழக்கு. இங்கே கல்லும் இல்லை, சிலேடையும் இல்லை. சொந்தக் குரல், சொந்த முகம், சொந்த முதுகு. நவம்பரில் ஜாமீன் கிடைத்தது. அதற்குள் அந்தப் பாட்டைக் கேட்காதவர்களும் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டார்கள்.

இப்போது ரோமாபுரிச் சிலை ஆளுக்கொன்று சட்டைப் பையிலேயே இருக்கிறது. ராத்திரியில் எவனோ எழுதுகிறான். காலையில் அது நம் போனுக்கு வருகிறது. சிரித்துவிட்டு அத்தைக்கு ஒன்று, ஆபீஸ் குரூப்புக்கு ஒன்று என்று தட்டிவிடுகிறோம். ஆனால் இந்தச் சிலை கல் இல்லை. யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று கணக்கு வைத்திருக்கிற சிலை. எழுதினவன் எங்கேயோ இருக்க, தட்டிவிட்டவன் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

ஐந்நூறு வருஷத்துக் கணக்கைப் புரட்டினால் ஒரு விஷயம் மட்டும் மாறவே இல்லை. கேலி செய்யப்பட்ட பெரிய மனுஷர்கள் அத்தனை பேரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "யார் எழுதினது?" 'எழுதியிருப்பது நிஜமா?' என்று யாரும் முதலில் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பாட்டுக்குப் பருப்பு போட்டே பதில் சொல்லியிருக்கலாம்.

நியாயமாக என்னையும் சொல்ல வேண்டும். வார்டன் அந்த மாடியைப் பருப்பில் கட்டினாரா, பேங்க் லோனில் கட்டினாரா, சத்தியமாக எனக்குத் தெரியாது. வவுச்சர் பார்க்காமல் எழுதினேன். அவர் கேட்டிருந்தால் பேங்க் பாஸ்புக்கைக் காட்டி என் வாயை அடைத்திருக்கலாம். அவரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நடுவில் புலவருக்கு ரெண்டு பேப்பர் போயிற்று.

* * *

"ஓசை தட்டுதுடா!"

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் புலவரைப் பார்த்தேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. லேசாகத் தொந்தி. மூக்கில் கண்ணாடி. அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். சாம்பார் வந்தது. கெட்டியாக, பருப்போடு.

இனி தாங்காது என்று தோன்றிவிட்டது. "டேய்... அந்தப் பாட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டா" என்றான், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "அன்னைக்கே தெரியும். நாலாவது அடியில ஓசை தட்டுது. 'எல்லாமே'ன்னு போட்டிருந்தே. காய்ச்சீர். அங்கே விளச்சீர்தான் வரணும். 'எண்ணினால்'னு போட்டிருந்தா கச்சிதமா உக்காந்திருக்கும். எண்ணிப் பார்த்தா, யோசிச்சுப் பார்த்தான்னு ரெண்டு அர்த்தமும் வந்திருக்கும். விசாரிச்சவங்கள்ல யாருக்காவது யாப்பு தெரிஞ்சிருந்தா, இவன் எழுதலைன்னு அப்பவே என்னை விட்டிருப்பாங்க. இவ்வளவு மட்டமான பாட்டை என் பேர்ல எழுதிட்டாங்களேன்னுதான் எனக்கு வருத்தம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. ரசத்தின் காரம் என்று சொல்லிக்கொண்டேன். ரசம் இன்னும் வரவே இல்லை.

"நீ ஏன்டா 'நான் இல்லை'ன்னு சொல்லலை?"

"சொன்னா அடுத்த கேள்வி என்ன? 'அப்ப யாரு?'ம்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இருந்ததே. அதான் பிரச்னை."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் இலையையே பார்த்துச் சாப்பிட்டோம். அப்புறம் அவனே சொன்னான்.

"போன மாசம் என் மேலயே ஒருத்தன் பாட்டு எழுதிட்டான். கிளாஸ் கரும்பலகையில. நான் வாங்கிட்டுப் போன காம்போசிஷன் நோட்டு திரும்பி வர்றதுக்குள்ள பையன்களுக்கு மீசை முளைச்சிடுமாம். நல்லாத்தான் எழுதியிருந்தான். ஒரு சந்திப்பிழை இருந்தது. அதைத் திருத்திட்டு, பாட்டை அழிக்காம அப்படியே விட்டுட்டேன். ராத்திரி உக்காந்து அத்தனை நோட்டும் திருத்தி மறுநாள் கொடுத்துட்டேன்."

"யார் எழுதினதுன்னு கேட்கலையா?"

"எதுக்குடா? கேட்டா, எழுதினவனைத் தவிர வேற எவனாவது ஒருத்தன் எழுந்து நிப்பான். எனக்குத் தெரியாதா?"

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதச் சொன்னான். ஒரே ஒரு நிபந்தனை: நாலாவது அடியைத் திருத்தித்தான் போட வேண்டுமாம். ஆயிரக்கணக்கான பேர் படிக்கிற இடத்தில் யாப்பு தப்பாக வரக் கூடாதாம்.

இந்த ஒரு விஷயத்தில் அவன் பேச்சை நான் கேட்கவில்லை. மேலே போய்ப் பாருங்கள். 'எல்லாமே' அப்படியேதான் இருக்கிறது, தப்போடு. அந்தப் பாட்டை எழுதினது நான்தான் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.